சாடிக்கு அடங்காத செடிகள்

ஒழுங்கை விரும்புவது மனித இயல்பு. முற்றத்தைக் கூட்டி, நீர் தெளித்து, படலை தொடக்கம் விறாந்தை வரை பூச்சாடிகளை வரிசையாக அடுக்கிவைத்துப் பார்ப்பதில் நம்மவர்க்கு உள்ள மகிழ்ச்சி சிறிதன்று. குரோட்டன் அவ்வரிசைக்கு இணங்கி நிற்கும். றோசாவும் கத்தரிக்கோலுக்குக் கட்டுப்படும். ஓர்க்கிட் செடியோ அவ்வாறன்று. அதனைச் சாடியின் நடுவில் வைத்தால் ஓரத்தை நாடும். ஓரத்தை அடைந்தால் வெளியே காலை நீட்டும். அதன் வேர்கள் சாடிக்குள் இறங்காமல் காற்றிலே தொங்கும். சில வேர்கள் மேல்நோக்கியும் வளரும். தண்டின் நடுவிலே எதிர்பாராத இடத்தில் குட்டியொன்று முளைக்கும். பூ இல்லாத காலத்தில் வீட்டுக்கு வருவோர், “உந்தக் காய்ஞ்ச குப்பையை ஏன் தூக்கி வைச்சிருக்கிறியள்?” என்று கேட்பதும் உண்டு.

அக்கேள்வி எமக்கும் பலமுறை கிடைத்திருக்கிறது. ஓர்க்கிட் வளர்ப்பிலே தொடக்கநிலையில் உள்ளோர் பலர், செடியின் இந்த அலங்கோலத்தைக் கண்டு பொறுமையிழந்து, வெளியே நீண்ட வேரைக் கத்தரித்தும் இலையுதிர்ந்த தண்டை அறுத்தும் அழகுபடுத்தி, ஈற்றில் செடியையே இழந்துவிடுகின்றனர். பூச்சி கொன்ற ஓர்க்கிட்டுகளிலும் பார்க்க இத்தகைய அழகுபடுத்தலால் மாண்டவை குறைவல்ல என்பதே எமது எண்ணம். ஆதலின், இச்செடிகள் ஏன் இவ்வாறு வளர்கின்றன, அவற்றை இடமாற்றி நடும்போது எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்பவற்றை இல்லத்தோர்க்கும் தாவரவியல் கற்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கு கூற முற்படுகின்றோம்.

மரமே அதன் நிலம்

உலகில் 25,000க்கு மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் உள்ளன. இலங்கையில் மட்டும் ஏறத்தாழ 190 இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. நிலத்தில் வேரூன்றி வாழ்வன சில உளவெனினும், பெரும்பாலானவை மரக்கொப்புகளையே இருப்பிடமாகக் கொண்டவை. இவற்றை மேலொட்டித் தாவரங்கள் என மாணவர் பாடநூலிற் படித்திருப்பர்.

மேலொட்டி வேறு, ஒட்டுண்ணி வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் தீமை பெரிது. மாமரத்திலே காணப்படும் குருவிச்சை ஓர் ஒட்டுண்ணி. அது தன் உறிஞ்சும் உறுப்பை மரத்தின் உடலுக்குள் செலுத்தி, மரம் தனக்கெனத் தேடிய நீரையும் கனியுப்புகளையும் கவர்ந்துகொள்ளும். ஓர்க்கிட் அவ்வாறு செய்வதில்லை. மரப்பட்டையை அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. மழைநீர், பனி, பட்டையின் வெடிப்பில் தங்கிய தூசு, மக்கிய இலை என்பனவே அதன் உணவுக்கு ஆதாரம். குருவிச்சையை வெட்டியெறிய வந்த கூலியாள், அருகிலிருந்த ஓர்க்கிட்டையும் சேர்த்துப் பிடுங்கி எறிவதை ஊர்தோறும் காணலாம்.

மரத்தின்மேல் வாழும் செடிக்கு நீர் எப்போதும் கிடையாது. பெய்த மழை சில நிமிடங்களில் வடிந்துவிடும். அதற்குள் இயன்றதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே அதன் வேரைச் சுற்றி வெலாமன் எனப்படும் ஒரு போர்வை அமைந்துள்ளது. உயிரற்ற வெற்றுக்கலங்களால் ஆன இப்போர்வை கடற்பஞ்சு போன்றது. காய்ந்திருக்கும்போது கலங்களுள் காற்று நிரம்பி வேர் வெள்ளிநிறமாகத் தோன்றும். நீர் பட்டதும் காற்று விலகி, போர்வை கண்ணாடிபோலத் தெளிந்து, உள்ளேயிருக்கும் பச்சையம் வெளியே தெரியும். மாணவர் ஒரு கரண்டி நீரை வாண்டாவின் வேரில் ஊற்றிப் பார்த்தால் இம்மாற்றத்தைக் கண்ணெதிரே காணலாம். அப்பச்சையம் வீணாக அங்கு இருப்பதன்று. இலையைப் போல வேரும் ஒளித்தொகுப்பில் பங்குகொள்கிறது.

இத்தகைய வேருக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண்ணுக்குள் அதனைப் புதைத்தால் மூச்சடைத்து அழுகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் வெப்பநாடுகளிலிருந்து பல்லாயிரம் ஓர்க்கிட்டுகளைக் கப்பலேற்றிச் சென்று, காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் வெப்பமும் ஈரமும் நிரப்பி வைத்தனர். அவற்றுட் பெரும்பங்கு மடிந்தது. பின்னர், 1830களில், டெவன்ஷயர் கோமகனின் சற்ஸ்வேர்த் மாளிகையிலே தோட்டத் தலைவராயிருந்த ஜோசப் பக்ஸ்ரன், கண்ணாடி வீட்டுக்குள் காற்றை உலவவிட்டு வெப்பத்தையும் குறைத்து அச்செடிகளைச் செழிக்கச் செய்தார். நமது மாமரத்தின் கொப்புக்குக் காற்றைக் கற்பித்தவர் யாருமிலர். செடி அங்கே தானாக வாழ்கிறது.

அலங்கோலத்தின் இருவகை

ஓர்க்கிட்டின் வளர்ச்சி முறை இருவகைப்படும். முதலாவது, ஒரே தண்டு நுனியிலேயே மேன்மேலும் வளர்ந்துகொண்டு செல்வது. வாண்டா இவ்வகையினது. இதற்கு வளர்ச்சி நிற்கும் எல்லை இல்லை. ஆண்டுதோறும் மேலே புதிய இலை விரியும். கீழே பழைய இலை உதிரும். இடையிடையே தடித்த வேர்கள் காற்றில் இறங்கும். சில ஆண்டுகளில், அடியில் வெறுங்கம்பும் நுனியில் இலைகளுமாக, நீண்ட கழுத்துடைய கொக்குப்போலச் செடி காட்சியளிக்கும்.

இவ்வகையில் யாவரும் அறிந்தது, பென்சில் போன்ற உருண்டை இலைகளையுடைய மிஸ் ஜோக்கிம். சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியக் குடும்பத்துப் பெண்மணி அக்னஸ் ஜோக்கிம் அவர்களின் தோட்டத்தில் தோன்றிய இக்கலப்பினம் 1893ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; 1981இல் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. இதுபோல் ஒழுங்கற்று ஓடும் செடி வேறில்லை எனலாம். ஆளுயரம் கடந்தும் வளரும், சாயும், மீண்டும் எழும். ஆயினும் முழுவெயிலில் நிறுத்தி, உறுதியான கம்பொன்றில் கட்டிவிட்டால், நுனி கம்பின் உச்சியைத் தாண்டி வெயிலைக் கண்டதும் பூக்கத் தொடங்கும். உயரம் அழகைக் கெடுக்கிறதென்று நுனியை அடிக்கடி கத்தரிப்பவர் பூவைக் காணமாட்டார்.

இரண்டாவது வகை கிடையாக நகர்வது. கற்லேயா, டென்றோபியம் என்பன இவ்வகை. இவற்றின் வேர்த்தண்டுக்கிழங்கு சாடியின் மேற்பரப்பில் ஊர்ந்துசெல்ல, அதிலிருந்து ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தண்டுகள் எழும்பும். தடித்த இத்தண்டுகளைப் போலிக்குமிழ் என்பர். நீரும் உணவும் சேமிக்கும் களஞ்சியம் இதுவே. பழைய தண்டு இலையுதிர்ந்து சுருங்கி நின்றாலும் அதனுள் இருப்பு உண்டு. புதிய குருத்து அதனை உண்டே வளர்கிறது. டென்றோபியத்தில், இலையற்ற பழந்தண்டே மறுபடியும் பூங்கொத்து விடுவதை எத்தனையோ முறை கண்டுள்ளோம். கிழவன் உழைக்கவில்லையென்று எண்ணி அவனை வீட்டைவிட்டுத் துரத்தியபின் சேமிப்பும் அவனோடு போயிற்றென்று வருந்துவது போன்றதே, இத்தண்டுகளை அவசரப்பட்டு வெட்டுவது.

டென்றோபியத்தின் தண்டிலே சிலவேளை வேரோடு கூடிய குட்டியொன்று முளைக்கும். ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் குழந்தையைக் குறிக்கும் ‘கெய்க்கி’ என்னும் சொல்லையே உலகெங்கும் இதற்கு வழங்குகின்றனர். குட்டி பிறப்பது எப்போதும் மகிழ்ச்சிக்குரியதன்று. வெளிச்சம் போதாமலோ நைதரசன் மிகுந்த பசளை இட்டமையாலோ பூவாக வேண்டிய அரும்பு குட்டியாகிவிடுவதுண்டு. அடியில் வேர் அழுகியமையால் தாய்ச்செடி தன் சந்ததியைக் காக்க முயல்வதும் உண்டு. ஆதலின் குட்டிகள் நிரம்பத் தோன்றின், முதலில் சாடியின் அடியைக் கிளறிப் பார்த்தல் நன்று.

இவற்றோடு, தலைகீழாகத் தொங்கும் இயல்புடையவையும் உள. நம் நாட்டிற்கே உரிய வெசாக் ஓர்க்கிட் அத்தகையது. 1855ஆம் ஆண்டில், பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் இட்ட பெயரால் அது டென்றோபியம் மக்கார்த்தியே என அறிவியலில் வழங்குகிறது. ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில், மெல்லிய தண்டுகள் கீழ்நோக்கித் தொங்க, வெசாக் மாதத்தையொட்டி இளஞ்செந்நீல மலர் பூக்கும். இதனை நிமிர்த்திக் கம்பில் கட்டுவது, ஆலம் விழுதை மேல்நோக்கித் திருப்புவது போன்றது. காட்டிலிருந்து மக்கள் அளவின்றிப் பிடுங்கியமையால் இன்று இது அருகிவிட்டது. காட்டுச்செடியை விலைக்கு வாங்காமல், நாற்றுமேடையில் வளர்த்ததையே வாங்குதல் நம் கடமை.

ஒரு வாண்டாவின் வரலாறு

இவ்வியல்புகளின் பயனை நூலறிவாலன்றி வாழ்வினால் எமக்கு உணர்த்தியது எமது தாயாரின் வாண்டா. 1970களில் வன்னியிற் கடமையாற்றிய எமது தந்தையார், காற்றுக்கு முறிந்து வீதியில் வீழ்ந்துகிடந்த பாலைமரக் கொப்பொன்றில் ஒட்டியிருந்த சிறு செடியை எடுத்துவந்தார். உலர்வலயத்துக்குரிய வாண்டா டெசலாட்டா என்னும் இனம் அது. பசுமை கலந்த மஞ்சள் இதழ்களில் பழுப்புக் கோடுகள் கட்டங்கட்டமாக ஓடும், நடுவிதழ் நீலச் சாயலுடையது, மணமும் உண்டு. வாண்டா என்னும் பெயரே வடமொழியிலிருந்து சென்றதாகும். கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ், இந்நாட்டார் வழங்கிய பெயரையே கையாண்டார்; அவர் மறைந்தபின் 1795இல் அவ்வெழுத்து அச்சேறியது.

தந்தையார் புதிய சாடியொன்று வாங்கிவந்தபோது தாயார் அதனை ஏற்கவில்லை. “இதுக்குச் சாடி வேண்டாம். பிடிச்சு நிக்க ஒரு கொப்புக் காணும்,” என்று கூறி, பழஞ்சீலைக் கிழிசலால் வளவிலிருந்த கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கொப்பில் அதனைக் கட்டிவிட்டார். தாவரவியல் கற்றவரல்லர் அவர். அச்செடி கொப்போடு வந்ததைக் கண்டார். கொப்பையே அதற்குக் கொடுத்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் இடம்பெயர நேர்ந்ததை யாழ்ப்பாணத்தார் எவரும் மறவார். அப்போது நாம் பதினாறு வயது மாணவன். சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குச் சென்றோம். தாயாரின் பூச்சாடிகள் விறாந்தையில் வரிசை குலையாமல் நின்றன. 1996 சித்திரையின்பின் திரும்பி வந்தபோதும் அவை வரிசை குலையாமலே நின்றன. ஆனால் அவற்றில் ஒன்றிலும் உயிரில்லை. மார்கழியோடு மழை ஓய்ந்தபின், நீரூற்றும் கையை நம்பியிருந்த அந்தூரியமும் றோசாவும் காய்ந்து சருகாகியிருந்தன. மாமரத்தில் வாண்டா மட்டும் இருந்தது. கீழிலைகள் உதிர்ந்து, மேலிலைகள் சுருங்கி, கயிறுபோலத் தோன்றிய அதனை நாம் இறந்ததென்றே கருதினோம். தாயார் ஒரு செம்பு நீரை அதன் வேரில் ஊற்றினார். சிறிது நேரத்தில் வெள்ளை வேர் பச்சையாயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குச் சென்று மறுபடியும் நீர் அள்ளிவந்தார். வீட்டின் கூரையிற் பாதி இல்லை. அதைப்பற்றி அன்று அவர் பேசவில்லை.

சாடிக்குள் அடங்கியிருந்தால் அச்செடி மற்றவற்றோடு மாண்டிருக்கும். கொப்பின் அடிப்புறத்திலும் அடுத்த கொப்பின் கவரிலும் ஓடியிருந்த அந்த ஒழுங்கற்ற வேர்களே, பனியையும் எப்போதாவது தூறிய மழையையும் தேடிப்பிடித்து அதனைக் காத்தன.

இடமாற்றும் முறை

இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின் அவ்வாண்டாவையே இடமாற்ற வேண்டிய நிலை வந்தது. 2022 ஆவணியில், செல்லரித்த அக்கொப்பு கூரைக்கு மேலாகப் பிளந்து நின்றது. வாடைக்காற்று வருமுன் அதனைத் தறித்தாக வேண்டும். கனடாவில் வாழும் எமது தமக்கையார் நல்லூர்த் திருவிழாவுக்காக அப்போது வந்திருந்தார். தறிக்க வந்தவர், “குருவிச்சைதானே, இழுத்து விழுத்தட்டோ?” என்றார். தமக்கையார் தமக்கும் ஒரு துண்டு கொண்டுசெல்ல வேண்டுமென்றார். எழுபத்தெட்டு வயதான தாயாரோ, “பிச்சுப் பிடுங்கினால் மூண்டு வருசம் பூக்காது. நான் அதுவரைக்கும் இருப்பனோ தெரியாது,” என்று விறாந்தையிலிருந்தே கூறினார். அவர் கூறியதில் மிகையில்லை. வேர் குலைந்த வாண்டா, மீண்டும் வேர்பிடித்துப் பூக்க ஓராண்டு, ஈராண்டு எடுப்பது இயல்பு.

வேரைப் பட்டையிலிருந்து உரித்தெடுப்பின் அது கிழியும். ஆதலின் செடியைக் கொப்பிலிருந்து பிரிக்காமல், கொப்பையே செடியின் இருபுறமும் அறுத்து எடுப்பித்தோம். இரண்டடி நீளமான அம்மரத்துண்டை, செடியோடு சேர்த்து, கிழக்குப்புற வேப்பமரத்தின் அடிக்கவரில் அசையாதவாறு கட்டினோம். சாடியில் வளர்ப்போரும் இவ்விதியைப் பின்பற்றலாம். மட்சாடியில் வேர் ஒட்டிக்கொண்டிருப்பின் அதனைச் சுரண்டலாகாது. அரைமணி நேரம் நீரில் ஊறவைத்தால் வேர் இளகி வளைந்துகொடுக்கும். பின்னரும் கழலாவிடின் சாடியை உடைத்து, ஓட்டுத்துண்டு வேரோடு ஒட்டியிருக்கவே புதிய சாடியில் வைத்துவிடலாம். சாடி இழப்பு சிறிது. வேர் இழப்பே பெரிது.

காலத்தைத் தெரிவதற்கு நாட்காட்டியிலும் வேரின் நுனியே சிறந்த வழிகாட்டி. பூத்து முடிந்தபின், பச்சையோ செம்மையோ ஆன புதிய வேர்நுனிகள் தோன்றும் வேளையே உகந்தது. ஆவணிச் சோளகம் ஈரத்தை உறிஞ்சும் காலமாதலின் எமது செடிக்கு அது நல்ல வேளையன்று. ஆயினும் பிளந்த கொப்பு காத்திருக்குமா? காலையிலும் பிற்பகலிலும் நீர் தெளித்து அக்குறையை ஈடுசெய்தோம்.

வெட்ட வேண்டியது யாது? விரலால் அழுத்தினால் கூழாகவோ வெறுங்கூடாகவோ இருக்கும் பழுப்பு வேரை மட்டும் வெட்டுக. உறுதியான வேர், எத்திசையில் நீண்டிருந்தாலும், எவ்வளவு கோணலாயிருந்தாலும், இருக்கட்டும். காற்றில் வளர்ந்த வேரைச் சாடிக்குள் வளைத்துத் திணித்தலும் தவறு. காற்றுக்குப் பழகிய அது உள்ளே அழுகும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன் நெருப்பிற் சுட்டுத் துப்புரவாக்குக. ஓர்க்கிட்டைத் தாக்கும் வைரசு நோய்கள் கத்தியிலுள்ள சாற்றின் வழியே ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் பரவும், அவற்றுக்கு மருந்தில்லை. வெட்டிய தண்டின் வாயில் கறுவாத்தூள் தடவினால் விரைந்து உலரும். வேரில் அதனைப் பூசலாகாது, வேரையும் உலர்த்திவிடும்.

உயர்ந்து வெறுங்கம்பாகிய வாண்டாவை, நுனிப்பகுதியில் மூன்று நல்ல வேராவது இருக்குமாறு பார்த்து, அவற்றின் கீழே அறுத்து வேறாக நடலாம். அடிக்கம்பை எறிந்துவிடற்க, பக்கக்குருத்து அதிலிருந்து முளைக்கும். கற்லேயாவைப் பிரிப்பதாயின் ஒவ்வொரு பங்கிலும் மூன்று அல்லது நான்கு போலிக்குமிழ்களேனும் இருத்தல் வேண்டும். பழைய முனையைச் சாடியின் விளிம்போடு சேர்த்து, புதிய குருத்துக்கு முன்னே வெற்றிடம் இருக்குமாறு வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அது சாடியைக் கடவாது. டென்றோபியக் குட்டியை, அதன் வேர்கள் இரண்டு அங்குலம் நீளும்வரை தாயிடமிருந்து பிரிக்கலாகாது.

சாடி சிறிதாயிருத்தல் நன்று. பெரிய சாடியில் ஈரம் நெடுநேரம் தங்கும். நிரப்புவதற்கு மண் வேண்டா. கரித்துண்டு, உடைந்த செங்கல், துண்டாக வெட்டிய பொச்சுமட்டை என்பன நம் வளவிலேயே கிடைப்பவை. பொச்சுமட்டையைப் பல நாள் நீரில் ஊறவைத்து, நிறம் இறங்குந்தோறும் அந்நீரை மாற்றிய பின்னரே பயன்படுத்துக; அதிலுள்ள உப்பும் சாயமும் வேருக்கு ஆகா. மட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கித் தூளாகிக் காற்றை அடைக்கும். செடி சாடியை மீறாதிருந்தாலும், அப்போது இடமாற்றியே ஆகவேண்டும். நட்டபின் செடி ஆடாமலிருக்கக் கம்பில் கட்டுக. காற்றுக்கு ஆடும் செடியின் இளவேர்நுனி உராய்ந்து முறிந்துவிடும். நுனி முறிந்த வேர் எதனையும் பற்றமாட்டாது. புதுவேர் ஓடும்வரை நிழலில் வைத்து நீரைத் தெளிப்பதே போதும், பசளை வேண்டா.

யாழ்ப்பாணத்தார் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் எமது கிணற்றுநீரிற் கல்சியம் மிகுதி. அந்நீரை நாள்தோறும் தெளித்தால் வேரிலும் சாடியிலும் வெள்ளைப் படலம் ஒட்டும். இயன்றபோது மழைநீரைச் சேர்த்துவைத்து வாரம் ஒருமுறையேனும் நன்றாகக் கழுவி விடுதல் நலம். மழைநீர்த் தொட்டியை இறுக மூடிவைத்தலும், சாடிக்குக் கீழே நீர் தேங்கும் தட்டு வையாதிருத்தலும் மிக அவசியம். டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு ஒரு தட்டு நீரே போதும்.

பங்கு பிரித்தல்

தமக்கையாரின் விருப்பத்துக்கு வருவோம். பெருஞ்செடியின் பக்கத்தில் தனிவேர்களோடு வளர்ந்திருந்த கிளையொன்றை அவருக்கெனப் பிரித்தெடுத்தோம். ஆனால் அதனை அவர் கனடாவுக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையிலே, ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் இடம்பெற்றிருக்கிறது. இலங்கை 1979ஆம் ஆண்டில் அதிற் சேர்ந்தது. உரிய அனுமதிப் பத்திரமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இன்றி ஒரு சிறு தண்டையும் எல்லை கடத்தலாகாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டிக்குள் சீலை நடுவே செடியை மறைத்துக் கொண்டுசெல்ல முயல்வதுண்டு. விமான நிலையத்தில் அது பறிக்கப்பட்டுக் குப்பைக்குப் போவதை எண்ணியாவது அம்முயற்சியைக் கைவிடுதல் நன்று.

இதனைத் தமக்கையாரிடம் கூறியபோது அவர் சிறிதுநேரம் மௌனமாயிருந்தார். “அம்மாவின்ர கையால கட்டின செடி, தம்பி. அங்க கடையில வாங்கிறது எனக்கு ஏன்?” என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. ஈற்றில், அறுத்த மாங்கொப்பின் மிச்சத்துண்டொன்றிலே தாயாரே தம் பழஞ்சீலைக் கிழிசலால் அக்கிளையைக் கட்டினார். அதனை உறிபோல விறாந்தை வளையிலே தொங்கவிட்டோம். அது அக்காவின் பங்கு என்று வீட்டில் யாவரும் கூறுவர். அதற்கு நீர் தெளிப்பது எமது மகளின் பொறுப்பு.

வேப்பமரத்தில் கட்டிய பெருஞ்செடி ஆறு கிழமையில் புதுவேர் ஒன்றை நீட்டி வேப்பம்பட்டையைத் தொட்டது. 2023ஆம் ஆண்டில் பூக்கவில்லை. தாயார் நாள்தோறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துச் செல்வார். 2024இல் இரண்டு பூங்கொத்துகள் வந்தன. தொலைபேசியில் தமக்கையாருக்கு அவற்றைக் காட்டியபோது, பூவைப் பார்த்து முடிந்தபின், தமது பங்கின் வேர் எவ்வளவு நீண்டிருக்கிறதென்றே அவர் கேட்டார். அது மரத்துண்டைக் கடந்து, வளையைச் சுற்றி, இப்போது சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. பூ இன்னும் வரவில்லை.

விறாந்தைக்கு வருவோர் சிலர் அவ்வேரைக் கண்டு, கத்தரித்துவிட்டால் பார்வைக்கு நன்றாயிருக்குமே என்கின்றனர். அவர்கள் கூறுவது பார்வையளவில் மெய்யே. ஆயினும் வாசகர்க்கு நாம் கூறக்கூடியது ஒன்று. உங்கள் வீட்டு ஓர்க்கிட் சாடியை மீறி வளருமாயின், கத்தரிக்கோலை எடுக்குமுன் ஒரு செம்பு நீரை அதன் வேரில் ஊற்றிச் சிறிதுநேரம் பொறுத்துப் பாருங்கள். பச்சையாக மாறும் வேர் எதுவாயினும், அது எங்கே ஓடினாலும், அதனை அதன்பாட்டில் விட்டுவிடுங்கள்.